ஒன்பது ஜோடி, மேஜையில் கிங்: போக்கரில் ரேஞ்ச் பழகிய அனுபவம்

போக்கரில் ஏஸ் ஜோடி வந்தால் யாருக்கும் ஆடத் தெரியும். ஒன்றுமே வரவில்லையென்றால் கவிழ்த்துவிட்டு டீ குடிக்கலாம். நடுத்தரக் கைதான் ஆளைப் படுத்தும். கையில் ஒன்பது ஜோடி, அதாவது இரண்டு ஒன்பது, பிடித்திருக்கிறோம்; எல்லாருக்கும் பொதுவாக மேஜையில் திறக்கும் சீட்டில் கிங் விழுந்துவிட்டது. பெட் போடுவதா (தொகை கட்டுவதா), செக் சொல்வதா (கட்டாமல் விடுவதா)? இந்த மீன்பிடித் தடைக்காலம் முழுக்க இந்த ஒரு கேள்வியோடுதான் உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. காசிமேட்டு நண்பர்கள் கரையில் இருக்கும் காலம். பகலெல்லாம் வலை பின்னுவது, சாயங்காலம் ராயபுரத்தில் எங்கள் மொட்டைமாடி. கேரம் போர்டைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சீட்டுக் கட்டை எடுப்போம். காசு கிடையாது, புளியங்கொட்டைதான் சிப். காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025-ல் நாடாளுமன்றமே சட்டம் போட்டு நிறுத்திவிட்டது. எங்களுக்கு அந்த ஆசையும் இல்லை. ஆட்டத்தின் கணக்குதான் என்னை இழுக்கிறது.

முதலில் செய்தது, கட்டம் போட்ட தாளில் 13-க்கு 13 கட்டம். ஆரம்பக் கைகள் 169 வகை அதில் அடங்கும், ஜாதியையும் பிரித்து விதங்களாக எண்ணினால் 1326. எந்த இருக்கையிலிருந்து எந்தெந்தக் கையோடு ரெய்ஸ் செய்வேன் (தொகையை ஏற்றுவேன்) என்று பச்சை மையில் நிரப்பினேன். பிக் பிளைண்டில் இருப்பவர் (ஆட்டம் தொடங்கும் முன்பே பெரிய கட்டாயத் தொகையைப் போடுபவர்) ரெய்ஸைப் பார்த்துவிட்டு எவற்றோடு வெறும் கால் மட்டும் செய்வார் (அதே தொகையைப் போட்டுத் தொடர்வார்) என்பதை நீலத்தில் நிரப்பினேன். இரண்டு நிறத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. எதிராளி பார்ப்பது என் ஒன்பது ஜோடியை அல்ல, பச்சைக் கட்டம் மொத்தத்தையும்தான். ஒருவரிடம் இருக்கக்கூடிய இந்த மொத்தக் கைகளைத்தான் ரேஞ்ச் என்கிறார்கள்.

மேஜையில் கிங், ஏழு, இரண்டு; ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஜாதி. முதல் இருக்கையிலிருந்து ரெய்ஸ் செய்தவன் நான். என்னிடம் ஏஸ்-கிங் 12 விதத்திலும், கிங் ஜோடி 3 விதத்திலும், ஏஸ் ஜோடி 6 விதத்திலும் இருக்கலாம். ஆக 21 விதம். பிக் பிளைண்டில் இருப்பவரிடம் இவற்றில் ஒன்று இருந்திருந்தால் ஃப்ளாப்புக்கு (மேஜையில் முதல் மூன்று சீட்டு திறப்பதற்கு) முன்பே மேலே ஏற்றியிருப்பார். கிங்-குயின், கிங்-ஜாக் அவரிடமும் உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் மொத்தத்தில் தராசு என் பக்கம்தான் சாய்கிறது. அந்தச் சாய்வில் என் ஒன்பது ஜோடியும் ஒட்டிக்கொள்ளலாம்.

ஒரு கை அப்படியே நினைவில் இருக்கிறது. பிளைண்ட் எனும் கட்டாயத் தொகைகள் 2, 4. நான் 14 போட்டேன், பிக் பிளைண்டில் படகுக்குப் போகிற நண்பன் கால். சின்ன பிளைண்டின் 2 சேர்த்து நடுவில் 30 கொட்டை. ஃப்ளாப் மேலே சொன்ன அதே கிங்-ஏழு-இரண்டு. அவன் செக். நான் பத்தே பத்துக் கொட்டையைத் தள்ளினேன். 30-ஐப் பிடிக்க 10, அதாவது நாலில் ஒரு தடவை அவன் ஃபோல்டு செய்தாலே (கவிழ்த்தாலே) எனக்கு நஷ்டமில்லை. அவன் சீட்டை இரண்டு விரலால் நிமிர்த்தி நிமிர்த்திப் பார்த்தான். "ராஜா உன்கிட்டதான் கீது மச்சான்" என்று குயின்-ஜாக்கைத் திறந்து போட்டுவிட்டான்.

சின்னத் தொகைதானே என்று தோன்றும். குயினோ ஜாக்கோ ஆறு சீட்டு அவனைக் காப்பாற்றியிருக்கும். டர்னும் ரிவரும் (நாலாவது, ஐந்தாவது பொதுச் சீட்டுகள்) சும்மா பார்க்க விட்டிருந்தால், ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு அந்த ஆறில் ஒன்று வந்து விழும். அந்தப் பங்கைத்தான் பத்துக் கொட்டை கொடுத்து வாங்கினேன். ஏழு வைத்திருப்பவரும் சின்ன ஜோடிக்காரரும் கால் செய்தால் அதுவும் எனக்கு லாபமே.

கால் வந்துவிட்டால் கதை வேறு. குயின்-ஜாக் போன்றவை பெரும்பாலும் கழிந்துபோய், அவர் கையில் கிங்கும் ஏழும் ஜோடிகளும்தான் மிஞ்சியிருக்கும். டர்னில் நாலோ மூன்றோ விழுந்தால் நான் செக், அவ்வளவுதான். இரண்டாவது தடவையும் அடித்தால் என்னைவிட மோசமான கை போய்விடும், நல்ல கை தங்கிவிடும். ரிவரில் அவர் சின்னதாகப் போட்டால் கால் செய்து பார்ப்பேன். நடுத்தரக் கைக்கு ஒரே ஒரு அடி என்பது இப்போது பழக்கமாகிவிட்டது.

அதே இருக்கை, ஆனால் மேஜையில் பத்து, ஒன்பது, எட்டு, அதில் இரண்டு கிளாவர். என்னிடம் ஏஸ்-ஒன்பது. இதுவும் நடுத்தரம்தான், ஆனால் கை நீளக்கூடாது. குயின்-ஜாக்கை ஒரே ஜாதியில் 4 விதமாக மட்டும் நான் வைத்திருப்பேன், அவரிடம் ஜாதி மாறியது 12 விதமும் சேர்ந்து வரும். ஏழு-ஆறு, பத்து-எட்டு, ஒன்பது-எட்டு எல்லாம் நீலக் கட்டத்தில்தான் நிறைய. பெரிய ஜோடிகளால் எனக்கு மொத்தப் பலம் ஓரளவு இருந்தாலும் உச்சப் பலம் அவரிடம். பெட் போட்டால் ரெய்ஸ் வரும், வந்தால் ஏஸ்-ஒன்பதோடு எங்கே போவது? செக் சொல்லி அடுத்த சீட்டைப் பார்ப்பதே சரி.

மாடியில் ஆடும்போது வரும் சிக்கல் வேறு. நாலு பேர் சேர்ந்து ஃப்ளாப் பார்த்தால் இந்தச் சாய்வு கரைந்துவிடுகிறது, யாரோ ஒருவரிடம் கிங் இருக்கத்தான் செய்யும். அதனால் ரெய்ஸைப் பெரிதாக்கி எதிரே ஒருவர் மட்டும் நிற்கும்படி பார்த்துக்கொள்கிறேன். நாலு பேர் வந்துவிட்டால் ஒன்பது ஜோடி செக்தான்.

இன்னொருவர் எங்கள் தெரு அண்ணன். "தம்பி, பாத்துட்டுதான் போவேன்" என்று எந்த ஜோடியோடும் ரிவர் வரை வருவார். அவரிடம் வெறுங்கையோடு அடிப்பதை நிறுத்திவிட்டேன். ஒன்பது ஜோடிக்கு மட்டும் பத்துக்குப் பதில் 20 கொட்டை. ஃபோல்டே செய்யாதவரிடம் ரேஞ்ச் பேசிப் பயனில்லை, அவர் இரண்டோடும் ஏழோடும் கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும்.

இப்போது கட்டத் தாளில் டர்ன் சீட்டுகளை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருக்கிறேன். கிங்-ஏழு-இரண்டுக்குப் பிறகு ஏஸ் விழுந்தால் தராசு இன்னும் என் பக்கம் சாயும், ஆனால் என் ஒன்பது ஜோடி ஒரு படி கீழே இறங்கும். அங்கே இன்னொரு அடி அடிக்க எந்தெந்தக் கைகள் தகுதி என்று பிரித்து எழுதுவதில் பாதி வரை வந்திருக்கிறேன்.