திங்கட்கிழமை வயிற்றுவலி

அக்கா மகள் ஒன்பதாவது படிக்கிறாள். ஜூன் மாசத்திலிருந்து திங்கட்கிழமை காலையானால் வயிற்றுவலி. ஸ்கேன் எடுத்தோம், ரத்தம் டெஸ்ட் பண்ணினோம், அம்மா மிளகாய் சுத்திப் போட்டாங்க. எல்லாம் நார்மல். கடைசியில் குழந்தைகள் டாக்டர் எங்களை வெளியே அனுப்பிவிட்டு அவளிடம் மட்டும் பேசினார். அவள் வெளியே வந்தபோதுதான் கையைப் பார்த்தேன். கட்டைவிரல் ஓரத்துத் தோலைப் பிய்த்துப் பிய்த்து ரத்தம் கட்டியிருந்தது. இத்தனை நாளும் அந்தக் கையால்தான் எனக்கு டீ கொடுத்திருக்கிறாள்.

மனநல டாக்டரைப் பார்க்கச் சொன்னதும் அக்கா அழுதுவிட்டாள். “வெளியே தெரிஞ்சா என்ன பேசுவாங்க?” அக்காவைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் குழந்தைகளுக்கென்று பார்ப்பவரிடம் போக எங்கள் ஊரிலிருந்து ரெண்டரை மணி நேரம் பஸ். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போகும்.

2015-16 தேசிய மனநல ஆய்வின்படி 13 முதல் 17 வயதுக்குள் 7.3 சதவீதம் பேருக்கு மனநலப் பிரச்சினை. நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் மூணு பிள்ளைகள்!

2022 அக்டோபரில் வந்த, மனநல உதவிக்கான அரசு போன் சேவையான டெலி மானஸ் எண் 14416. இலவசம், எந்நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். தயவுசெய்து குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் போன் மட்டும் போதாது. தாலுகா ஆஸ்பத்திரியில் வாரம் ஒரு நாளாவது பிள்ளைகளுக்கென்று ஒருவர் உட்கார வேண்டும். தடுப்பூசிக்கு நாள் ஒதுக்குகிறோமே, அதுபோல.

இந்தத் திங்கள் ரெண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு ஸ்கூலுக்குப் போனாள். வியாழக்கிழமை மறுபடி பஸ் ஏறுகிறோம்.