சுவரில் இருப்பதும் பெட்டியில் இருப்பதும்

பாரிஸுக்கு வந்த முதல் சில வருடங்கள் அது என் கண்ணில் பட்டிருக்கும், நான்தான் கவனித்ததில்லை. லா சப்பலில் மரக்கறி வாங்கிக்கொண்டு இரண்டு கையிலும் பையோடு சிக்னலுக்காக நின்றபோது மகள்தான் காட்டினாள். "அப்பா, அங்க மேல பாருங்கோ, ஒரு பூச்சி." தெருப்பெயர்ப் பலகைக்குக் கொஞ்சம் மேலே, குளியலறைச் சுவரில் ஒட்டுகிற மாதிரியான சின்னச் சின்ன டைல்களில் இரண்டு கொம்பு, இரண்டு கண், கீழே கால்கள். பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது, அது பூச்சி இல்லை, ஸ்பேஸ் இன்வேடர்ஸ்.

1978-இல் ஜப்பானில் தைட்டோ கம்பெனிக்காக டொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய வீடியோ விளையாட்டு அது, மேலிருந்து இறங்கி வரும் வேற்றுகிரகவாசிகளைச் சுடவேண்டும். அன்றைய திரையில் ஒரு உருவத்துக்குக் கிடைத்ததே விரல்விட்டு எண்ணக்கூடிய கட்டங்கள்தான், அதனால் அந்த வேற்றுகிரகவாசிகளை எடுத்துச் சுவரில் ஒட்ட ஒரு கட்டத்துக்கு ஒரு டைல் என்று வைத்தால் போதும். இவ்வளவு எளிமையான ஒரு யோசனையை வைத்துக்கொண்டு, 'இன்வேடர்' என்ற பெயரில் முகம் காட்டாமல் இயங்கும் ஒரு பிரெஞ்சுக் கலைஞர் 1990களிலிருந்து ஊர் ஊராகப் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறார். பெரும்பாலும் இரவில், ஏணியும் சிமென்டுமாக. ஒவ்வொன்றுக்கும் நகரத்தின் சுருக்கெழுத்தும் எண்ணும் உண்டு. பாரிஸ் என்றால் பிஏ. 2011-இல் பிஏ 1000, 2024-இல் பிஏ 1500. வாரணாசியில்கூட இருக்கிறது. மொன்பெலியே நகரில் ஒட்டிய இடங்களை வரைபடத்தில் கோடு போட்டு இணைத்தால் அதுவே ஒரு பெரிய இன்வேடராக வரும், அதைப் பார்த்த அன்றுதான் நான் முழுசாக விழுந்தேன்.

சேகரிப்பு முதலில் போனில்தான் தொடங்கியது. 2014-இல் வந்த ஃபிளாஷ்இன்வேடர்ஸ் என்ற செயலியைத் திறந்து, சுவரில் இருப்பதைப் படம் பிடித்தால் அது உண்மையா என்று சரிபார்த்துப் புள்ளி தரும், ஒன்றுக்கு 10 முதல் 100 வரை. ஒரு காசு செலவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மகளும் நானும் மெத்ரோவில் ஏதோ ஒரு நிறுத்தத்தில் இறங்கி மேலே பார்த்தபடியே நடப்போம், அப்படித்தான் இந்த ஊரே எனக்குப் பழகியது.

அப்புறம் கையில் வைத்துக்கொள்ளும் ஆசை வந்தது. அந்தக் கலைஞரே அச்சிட்டு வெளியிட்ட நகர வரைபடங்கள், கையெழுத்திட்ட ஸ்கிரீன் பிரின்ட், பிறகு இன்வேஷன் கிட். கிட் என்பது குறைந்த எண்ணிக்கையில் வெளியான ஒரு தொகுப்பு, ஒரு இன்வேடருக்குத் தேவையான டைல்கள் அதில் இருக்கும், நீங்களே ஒட்டிக்கொள்ளலாம். மாதக்கணக்கில் சேமித்து ஒன்று வாங்கினேன். டைல் ஒவ்வொன்றும் விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. முன்பக்கம் வழுவழுப்பு, பின்பக்கம் சிமென்ட் பிடிப்பதற்காகச் சொரசொரப்பு. அந்தச் சொரசொரப்பைத் தடவும்போதெல்லாம் இது சுவருக்குப் போகவேண்டியது என்றுதான் தோன்றும். ஆனால் ஒட்டினால் ஒட்டியதுதான், திரும்பப் பெயர்த்தால் உடையும். பிரிக்காத பெட்டிக்குத்தான் சந்தையில் விலை என்று சேகரிப்பவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். என்னுடையது இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.

தெருவிலிருப்பதைப் பெயர்த்து விற்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம்தான். 2017-இல் பாரிஸில் நகரசபை ஊழியர்கள் மாதிரி மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு வந்து பட்டப்பகலில் பத்துக்கும் மேற்பட்டவற்றைப் பெயர்த்துப் போனார்கள், நகரசபையே புகார் கொடுக்கவேண்டி வந்தது. ஒரு பழைய சாமான் சந்தையில் என்னிடமும் ஒருவர் துணியில் சுற்றியிருந்ததை விரித்துக் காட்டினார்: பாதி டைல் நொறுங்கி, ஓரத்தில் யாரோ ஒருவரின் வீட்டுச் சுவர்ப் பூச்சு ஒட்டியபடி இருந்தது. பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அதற்கு ஒரு சான்றிதழும் கிடையாது. முறையாக வாங்க வேண்டுமென்றால் 'ஏலியஸ்' இருக்கிறது: தெருவில் ஒட்டிய ஒவ்வொன்றுக்கும் அந்தக் கலைஞரே செய்யும் ஒரே ஒரு நகல், அடையாள அட்டையோடு. ஹாங்காங்கில் நிர்வாகம் அகற்றிவிட்ட ஹாங்காங் ஃபூயி என்ற கார்ட்டூன் நாய் உருவத்தின் நகல் 2015-இல் சதபீஸ் ஏலத்தில் கிட்டத்தட்ட 20 லட்சம் ஹாங்காங் டாலருக்குப் போனது. நம்மால் முடியாது, சரி. ஆனால் காசு கொடுக்கிறவர் சுவரைத் தொடாமல் வாங்க ஒரு வழி இருக்கிறதல்லவா, அது எனக்குப் பிடித்திருக்கிறது.

லா சப்பல் மூலையில் மகள் காட்டிய அந்த முதல் ஆளும் போன வருடம் காணாமல் போனார். கொம்பு, கண், கால் எல்லாம் சிமென்ட் தழும்பாக மட்டும் சுவரில் நின்றன. அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் வீட்டிலிருக்கும் பெட்டிதான் நினைவுக்கு வரும், ஆனால் என்னிடமிருப்பது அந்த உருவம் இல்லை, நிறமும் வேறு.

இப்படி அழிந்தவற்றைப் பழைய படத்தைப் பார்த்து, அதே நிறத்தில், அதே அளவு டைல் தேடிப் பிடித்து, அதே இடத்தில் திரும்ப ஒட்டும் ரசிகர்கள் உண்டு. கலைஞரின் சம்மதத்தோடு நடப்பது, அதற்கு 'உயிர்ப்பித்தல்' என்றே பெயர். போன மாதம் முருங்கைக்காய் வாங்கப் போனபோது நிமிர்ந்து பார்க்கிறேன், ஆள் திரும்பி வந்திருக்கிறார்! டைல்களுக்கு நடுவே சிமென்ட் மட்டும் கொஞ்சம் புது வெள்ளையாக இருந்தது. என் போனில் அது ஏற்கெனவே பதிவாகியிருந்தது. மகளுக்கு இப்போது சொந்தப் போன் இருக்கிறது, பையை என்னிடம் கொடுத்துவிட்டு எடுத்தாள். முப்பது புள்ளி.