முட்டையில ஆரம்பிச்சு முட்டி வரைக்கும்

அம்மாவுக்கு முட்டி தேஞ்சு போய் நாலு வருஷமாச்சு. அதே வீட்ல பாட்டிக்கு மறதி, என்னையே "நீ யாரு வீட்டுப் புள்ள"ன்னு கேப்பாங்க. போன வாரம் அம்மா தைலம் தேய்ச்சுக்கிட்டே, "இந்த வலிய நிறுத்த ஒரு ஊசி கண்டுபிடிக்க மாட்டேங்குறாங்களேடி"ன்னாங்க, நான் வாய வெச்சுக்கிட்டு சும்மா இல்லாம "கண்டுபிடிச்சாங்கம்மா, அப்புறம் வேணாம்னு விட்டுட்டாங்க"ன்னுட்டேன். அவ்ளோதான், முழுக்கதையும் சொல்ற வரைக்கும் விடல.

கதை இத்தாலில, டூரின்ல ஆரம்பிக்குது. ரீட்டா லெவி மோன்டால்சினி, 1909ல பொறந்தவங்க, டாக்டருக்குப் படிச்ச யூதப் பொண்ணு. 1938ல முசோலினி யூதர்கள ஒதுக்குற இனச் சட்டம் கொண்டு வந்ததும் யூனிவர்சிட்டி வேலை போச்சு. அந்தம்மா என்ன பண்ணுச்சு தெரியுமா, தன் பெட்ரூமையே லேப் ஆக்கி, தையல் ஊசிய கூரா தீட்டி கத்தியாக்கி, கோழிமுட்டைக்குள்ள வளர்ற குஞ்சுக் கருவுல நரம்பு எப்படி வளருது எப்படி சாகுதுன்னு பாத்துக்கிட்டு உக்காந்துடுச்சு. வெளிய குண்டு விழுது, இங்க முட்டை!

போர் முடிஞ்சு 1947ல அமெரிக்காவுக்கு, செயின்ட் லூயிஸ்ல விக்டர் ஹாம்பர்கர் லேபுக்குப் போனாங்க. எலியோட புத்துக்கட்டிய கோழிக்கருவுல வெச்சா நரம்பெல்லாம் தறிகெட்டு வளருது. கட்டிலேர்ந்து ஏதோ ஊறி வருதுன்னு அவங்களுக்கு சந்தேகம், அத நிரூபிக்க 1952ல கட்டி வந்த எலிகள கையோட எடுத்துக்கிட்டு ரியோ டி ஜெனிரோவுக்கு ப்ளேன் ஏறிட்டாங்க. அங்க கண்ணாடித் தட்டுல நரம்பு முடிச்சுக்குப் பக்கத்துல கட்டித் துண்ட வெச்சா, சுத்தி சூரியன் கதிர் விட்ட மாதிரி நரம்பு இழை கிளம்புது. அப்புறம் ஸ்டான்லி கோஹன் சேந்து அந்தப் பொருள பிரிச்செடுத்தாரு, முதல்ல பாம்பு விஷத்துல நெறைய கெடச்சுது, அப்புறம் எலியோட எச்சில் சுரப்பில. நரம்ப வளர வைக்கிற புரோட்டீன், பேரு நெர்வ் குரோத் ஃபேக்டர், சுருக்கமா என்ஜிஎஃப். 1986ல ரெண்டு பேருக்கும் நோபல்.

அல்சைமர்னு சொல்ற மறதி வியாதில சீக்கிரமே அழியுற சில மூளை நரம்புங்க இந்த என்ஜிஎஃப நம்பித்தான் உயிரோட இருக்கு. அப்ப மூளைக்குள்ள இத குடுத்தா? 90கள்ல ஸ்வீடன்ல அல்சைமர் வந்த மூணு பேருக்கு குடுத்துப் பாத்தாங்க, முதுகுல வலி, எடை வேற குறைய ஆரம்பிச்சுது, நிறுத்த வேண்டியதாச்சு. ஏன்னா நரம்ப வாழ வைக்கிற இதே புரோட்டீன்தான் வலி நரம்ப உசுப்பியும் விடுது. வீங்கின மூட்டுல இது ஏறிக்கெடக்கும்.

"அப்ப பாட்டிக்கு ஏத்தணும், எனக்கு எறக்கணும், அப்படித்தானே"ன்னாங்க அம்மா. இந்தக் கதைய இவ்ளோ சுருக்கமா என்னால சொல்ல முடிஞ்சிருக்காது.

எறக்குறதுக்குத்தான் அந்த ஊசி, டானிசுமாப், என்ஜிஎஃப பிடிச்சுக் கட்டிப்போடுற ஆன்டிபாடி, அதாவது ஒரு குறிப்பிட்ட பொருள மட்டும் தேடி ஒட்டிக்கிற புரோட்டீன். முட்டி வலி நெஜமாவே குறைஞ்சுது. ஆனா சிலருக்கு மூட்டு கிடுகிடுன்னு அழிய ஆரம்பிச்சுது, 2010ல அமெரிக்காவுல டிரையலையே நிறுத்தி வெச்சாங்க. அப்புறம் டோஸ் குறைச்சு திரும்ப வந்தாங்க, 2021ல அமெரிக்க மருந்துத் துறையோட நிபுணர் குழு 19க்கு 1ன்னு எதிரா ஓட்டு போட்டுது, அந்த வருஷமே அத உருவாக்கின ஃபைசர், லில்லி கம்பெனிங்க கைவிட்டுட்டாங்க. வட ஸ்வீடன்ல ஒரு குடும்பம் இருக்கு, என்ஜிஎஃப் ஜீன்லயே கோளாறு, எலும்புலயும் மூட்டுலயும் வலியே தெரியாது. சின்ன வயசுலயே மூட்டெல்லாம் சிதைஞ்சு போச்சு. இதச் சொன்னதும் அம்மா தைலம் தேய்க்கிறத கொஞ்ச நேரம் நிறுத்திட்டாங்க.

ஏத்துற பக்கமும் நல்ல சேதி இல்ல. வைரஸ் வழியா என்ஜிஎஃப் ஜீனையே மூளைக்குள்ள அனுப்பி அல்சைமர் வந்த 49 பேர வெச்சு டிரையல் பண்ணாங்க, 2018ல ரிசல்ட், ஒண்ணும் பலனில்ல. பின்னாடி இறந்தவங்க மூளைய பாத்தா மருந்து போக வேண்டிய நரம்புங்களுக்கே போய்ச் சேரலயாம். அத படிச்சப்ப எனக்கு கோவமா வந்துச்சு, இன்னும் சரியா குறிவெச்சு ஊசி போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னே தெரியாமப் போச்சே.

ரீட்டா 103 வயசு வரைக்கும் இருந்தாங்க, 2012 கடைசிலதான் போனாங்க. அவங்க கண்டுபிடிச்ச பொருள் மருந்தா கடைக்கு வந்தது எதுக்குன்னு கேட்டா சிரிப்பீங்க, கருவிழி நரம்பு செத்து புண்ணாகுற ஒரு அபூர்வ வியாதிக்கு சொட்டு மருந்து, அமெரிக்காவுல 2018ல அனுமதி.

"முட்டிக்கும் இல்ல, மூளைக்கும் இல்ல, கண்ணுக்கா"ன்னாங்க அம்மா. ஆமாம்மா. அதுசரின்னுட்டு தைல பாட்டில மூடி வெச்சாங்க.