ஏற்காட்டுத் தேன்: காஃபீன் இருந்தால் காபித் தேன் ஆகிவிடுமா?

மார்ச், ஏப்ரல் கோடை மழை விழுந்து ஒன்பது பத்து நாளில் சேர்வராயன் மலையில் காபி பூத்துவிடும். பூ நிற்பது இரண்டு மூன்று நாள்தான். அதே பெட்டித் தேனீ அதற்கு முன்னும் பின்னும் சில்வர் ஓக், ஆரஞ்சு, நாவல் என்று கிடைத்ததற்கெல்லாம் போகும். அதனால் தோட்டம் காபித் தோட்டம் என்பதற்காகத் தேனும் காபித் தேன் என்று எழுதி ஒட்டுவது சரியில்லை.

தேன் எந்தப் பூவினுடையது என்று அறிய, முதலில் அதில் கலந்துள்ள மகரந்தம் பார்க்க வேண்டும். 10 கிராம் தேனை 20 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீரில் கரையுங்கள். சூடு 40 டிகிரியைத் தாண்டக்கூடாது. சென்ட்ரிபியூஜில் (வேகமாகச் சுழற்றி வண்டலைப் பிரிக்கும் கருவி) 10 நிமிடம் சுற்றி, மேல்நீரைக் கொட்டிவிட்டு, மறுபடி தண்ணீர் விட்டு ஒரு சுற்று. அடியில் தங்கும் வண்டலைக் கிளிசரின் ஜெல்லியில் பதித்து, நுண்ணோக்கியில் 400 மடங்கு பெரிதாக்கி 300 மகரந்த மணிகளாவது எண்ண வேண்டும். சில்வர் ஓக் மணி முக்கோணம், மூன்று முனையிலும் துளை. நாவலும் யூகலிப்டஸும் ஒரே குடும்பம். பிரித்துச் சொல்வது கஷ்டம். உள்ளூர்ப் பூக்களிலிருந்து நீங்களே செய்த ஒப்பீட்டு ஸ்லைடுகள் இல்லாமல் எண்ணுவதில் பலனில்லை.

பொதுவாக எண்ணிய மணிகளில் 45 சதவீதத்துக்கு மேல் எந்தப் பூவினுடையதோ அதுவே தேனின் முதன்மைப் பூ. ஆரஞ்சுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அதன் மகரந்தம் தேனில் குறைவாகவே சேரும், 10 முதல் 20 சதவீதமே போதும். அடையைக் கையால் பிழிந்த தேனிலோ எண்ணிக்கையே கெட்டுவிடும். அடையில் தேனீ சேமித்த மகரந்தமும் சேர்ந்து கலந்துவிடுகிறது. அது தேன் கொடுத்த பூவினுடையதாக இருக்க வேண்டியதில்லை. அடையை இயந்திரத்தில் சுழற்றி எடுத்த தேனைத்தான் சோதனைக்குக் கொடுக்க வேண்டும்.

மகரந்தம் கைவிடும் இடத்தில் பூவின் வேதிப்பொருள் கைகொடுக்கும். ஏற்காட்டில் சிக்கல் என்னவென்றால், காஃபீன் காபிப் பூந்தேனில் மட்டுமில்லை, ஆரஞ்சு வகைப் பூந்தேனிலும் உண்டு. எச்பிஎல்சி (தேனிலுள்ள வேதிப்பொருள்களைப் பிரித்து அளக்கும் ஆய்வகச் சோதனை) அறிக்கையில் காஃபீன் வந்தவுடன் முடிவு கட்டாதீர்கள். ஆரஞ்சு வகைத் தேனுக்கு அடையாளமான மெத்தில் ஆந்த்ரனிலேட், ஹெஸ்பெரெட்டின் என்ற இரண்டு வேதிப்பொருள்களையும் கூடவே கேளுங்கள். இவை தெளிவாகத் தெரிந்தால் ஆரஞ்சின் பங்கு உண்டு. அவை இல்லாமல் காஃபீனும், வண்டலில் காபி மகரந்தமும் இருந்தால்தான் காபித் தேன் என்று தைரியமாகச் சொல்வேன்.

மெத்தில் ஆந்த்ரனிலேட் ஆவியாகும் பொருள். தேனைக் காய்ச்சினாலும் நாள்பட வைத்தாலும் குறைந்துவிடும். பிறகு அதை மட்டும் நம்பினால் ஆரஞ்சுத் தேனும் காபித் தேன் போலவே அறிக்கையில் தெரியும். ஆகவே தேன் எடுக்கும் அன்றே, தேனீ மெழுகால் மூடிய அடை அறைகளின் தேனில் 250 கிராம் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, தேதி, தோட்டம், அன்று பூத்திருந்த மரங்கள் மூன்றையும் எழுதி ஒட்டி, வெளிச்சம் படாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.