போவதற்கு ஒரு வழி, திரும்ப வேறு வழி

மாதத்துக்கு இரண்டு முறை, சில மாதங்களில் மூன்று முறை, சென்னையிலிருந்து கோவைப் பக்கம் போய்வருகிறேன். ஆறு வருடமாக இதுதான் பிழைப்பு. ஸ்பின்னிங் மில்களில் ஓடும் ஏர் கம்ப்ரசர்களைப் பார்ப்பது, பழுது என்றால் சரிசெய்வது, வருடாந்திரப் பராமரிப்பை முடித்து ரிப்போர்ட் கொடுப்பது. கோவை என்று சொன்னாலும் என் மில்கள் எதுவும் ஊருக்குள் இல்லை. ஒன்று அவிநாசி தாண்டி, ஒன்று பல்லடத்தில், இன்னொன்று உடுமலை போகும் வழியில்.

எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேரும் தம்பிகள் முதலில் கேட்பது, "ஃபிளைட்டா, டிரெய்னா, காரா சார்? எது பெஸ்ட்?" என்பதுதான். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் ஒரே பதில் இருக்கும் என்று நினைத்துத் தேடினேன். இப்போது போவதைத் தனியாகவும் திரும்புவதைத் தனியாகவும் யோசிக்கிறேன். இரண்டும் ஒரே ஐந்நூறு கிலோமீட்டர்தான், ஆனால் போகும்போது இருக்கும் ஆள் வேறு, திரும்பும்போது இருக்கும் ஆள் வேறு.

முதல் இரண்டு வருடம் குரோம்பேட்டையில் குடியிருந்தோம். அங்கிருந்து விமான நிலையம் பத்து நிமிடம். காலை ஏழு மணி விமானத்துக்கு ஐந்தேகாலுக்கு எழுந்தால்கூடப் போதும். அப்போது விமானம்தான் சரி என்று எல்லோரிடமும் அடித்துச் சொல்வேன். பிறகு அப்பாவுக்கு வயதாகி, பெரம்பூரில் சொந்த வீட்டுக்கே வந்துவிட்டோம். அதே ஏழு மணி விமானத்துக்கு இப்போது மூன்றரைக்கு எழுந்து நாலரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். மெட்ரோ ஓடத் தொடங்குவது காலை ஐந்து மணிக்கு. அதனால் அந்த நேரத்தில் கார்தான் பிடிக்க வேண்டும். விமானத்தில் எதுவும் மாறவில்லை. என் வாசல் மாறியது, கணக்கு மொத்தமும் மாறிவிட்டது.

வானத்தில் இருப்பது ஒரு மணி நேரம் பத்து நிமிடம்தான். ஆனால் நாலரைக்கு வீடு, ஐந்தரைக்கு விமான நிலையம், பாதுகாப்புச் சோதனை வரிசை, காத்திருப்பு, எட்டேகாலுக்குக் கோவை பீளமேட்டில் இறக்கம், பெட்டி வரும்வரை நிற்பது, அப்புறம் டாக்ஸி. பல்லடம் மில் வாசலைத் தொடும்போது ஒன்பதே முக்கால் ஆகிவிடும். ஐந்தேகால் மணி நேரம். இதில் என்னை உறுத்துவது அந்த ஐந்தேகால் மணி நேரம் துண்டு துண்டாக இருப்பதுதான். அரை மணிக்கு மேல் ஓரிடத்தில் நிம்மதியாக உட்கார முடியாது. லேப்டாப்பைத் திறந்தால் போர்டிங் என்பார்கள், கண்ணை மூடினால் இறங்கப் போகிறது என்பார்கள். அந்த நேரத்தில் தூங்கவும் முடியாது, வேலை செய்யவும் முடியாது.

என் தொழிலில் இன்னொரு சிக்கல், கருவிப் பெட்டி. ஸ்பேனர், ஸ்குரூ டிரைவர் எதையும் கைப்பையில் விடமாட்டார்கள். செக்-இன்னில் 15 கிலோ வரைதான் இலவசம், என் பெட்டியே 18 கிலோ. பவர் பேங்க்கை அந்தப் பெட்டியில் வைக்கக் கூடாது, கையில்தான் எடுத்துப்போக வேண்டும். ஒருமுறை பெட்டி என்னுடன் வந்து சேரவில்லை, அடுத்த விமானத்தில்தான் வந்தது. மில்லில் நாற்பது பேர் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்க, வெறுங்கையோடு போய் நின்றேன். அன்றைக்குப் பட்ட வேதனை இன்னும் இருக்கிறது.

அதனால் போவதற்கு இப்போது நான் எடுப்பது சேரன் எக்ஸ்பிரஸ். சென்ட்ரலிலிருந்து இரவு பத்து மணி வாக்கில் கிளம்பி விடியற்காலை ஆறு மணி வாக்கில் கோவை. அவிநாசி, பல்லடம் வேலை என்றால் கோவை வரை போவதே வீண், முன்னாலேயே திருப்பூரில் இறங்கிவிடலாம். இது எனக்குப் புரியவே ஒரு வருடம் ஆனது. விமானத்தில் பீளமேடு வரை போய், அப்புறம் காசு கொடுத்து அவிநாசி ரோட்டில் கிழக்கே திரும்பி வந்துகொண்டிருந்தேன்.

படுக்கை விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு, அப்பர் பெர்த்தான் வேண்டும். லோயர் கிடைத்தால் நடுப் பெர்த்காரர் எழுந்திருக்கும் நேரம்தான் நமக்கும் விடியல். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை தூங்கும் நேரம் என்று விதி இருந்தாலும், பெட்டியில் விதியைவிடப் பேச்சு பெரிது. மேலே ஏறிப் படுத்துவிட்டால் அந்த உலகத்துக்கும் நமக்கும் சம்பந்தமில்லை. வியாசர்பாடி தாண்டும்போது படுத்தால் திருப்பூருக்கு முன் அலாரம் அடிக்கும்போதுதான் விழிப்பேன். ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜில் இரண்டு மணி நேரத்துக்கு ரூம், குளியல், இட்லி, எட்டரைக்கு மில். பல்லடம் மில்லின் ஃபிட்டர் ஒருவர் என்னைப் பார்த்ததும் கேட்பார்: "ராத்திரி வண்டியில வந்தீங்களாங்க? மூஞ்சி தெளிவா இருக்குதுங்க." விமானத்தில் வந்த நாட்களில் அவர் இப்படிக் கேட்டதே இல்லை. கம்ப்ரசர் எழுப்பும் சத்தத்தில் எது பேரிங் சத்தம், எது வால்வு சத்தம் என்று பிரித்துக் கேட்க வேண்டிய காது எனக்கு வேண்டும். தூங்காத காதுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும்.

வந்தே பாரத் பற்றிக் கேட்காத ஆளில்லை. 2023 ஏப்ரலில் சென்னை-கோவை ஓட்டம் தொடங்கியபோது 5 மணி 50 நிமிடம் என்றார்கள், அந்தத் தடத்தில் அது பெரிய விஷயம். ஆனால் நேரத்தைக் கவனியுங்கள். காலை ஆறுக்குக் கோவையிலிருந்து கிளம்பி மதியத்துக்குள் சென்னை, மதியம் இரண்டரை வாக்கில் சென்னையிலிருந்து கிளம்பி இரவு எட்டேகால் வாக்கில் கோவை. கோவைக்காரர் சென்னைக்கு வந்து ஒரு சின்ன மீட்டிங்கை முடித்து அன்றே வீடு திரும்பப் பொருத்தமான வண்டி. என்னைப் போல் சென்னையிலிருந்து போகிறவனுக்கு ஒரு மதியத்தைக் கொடுத்துத்தான் ஏற வேண்டும். புதன்கிழமை கிடையாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இரண்டு நாள் வேலை என்றால் முதல் நாள் மதியம் அதில் போவேன். காட்பாடிக்கும் சேலத்துக்கும் நடுவில் பழைய ரிப்போர்ட்டுகளை முடித்துவிடலாம். மொரப்பூர், பொம்மிடி பக்கம் சிக்னல் விட்டு விட்டு வரும், அதுவும் நல்லதுதான், போன் வராது. ஈரோட்டுக்குச் சற்று முன் காவிரியைத் தாண்டும்போது பொழுது சாய்கிற நேரமாக இருக்கும். ஆடி மாதத்தில் தண்ணீர் வந்திருந்தால் பெட்டியில் பாதிப் பேர் அந்தப் பக்க ஜன்னலுக்கு வந்துவிடுவார்கள். நானும்தான்.

ரயிலின் உண்மையான குறை, தேதி தெரிந்திருக்க வேண்டும் என்பது. 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்புதான் முன்பதிவு திறக்கிறது. பராமரிப்பு வேலைகளுக்கு அது போதும், காலண்டரில் குறித்துவைத்துப் போட்டுவிடுவேன். பிரேக்டவுன் அப்படி வருவதில்லை. மதியம் ஒரு மணிக்கு மில்லிலிருந்து போன் வரும், நாளைக் காலை ஆள் வேண்டும் என்பார்கள். இன்றிரவு வண்டிக்கான தட்கால் நேற்றுக் காலை பத்து மணிக்கே திறந்து தீர்ந்திருக்கும். சார்ட் போட்ட பிறகு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லையென்றால் யோசிக்காமல் மறுநாள் விடியற்காலை விமானம். விலை எவ்வளவு என்றாலும் மில் நிற்கும் நஷ்டத்துக்கு முன் அது ஒன்றுமில்லை. எனக்கு விமானம் என்பது அவசரத்துக்கான வண்டி.

கார் பற்றி எழுதுவது எனக்குக் கொஞ்சம் கஷ்டம். கார் ஓட்டுவது எனக்குப் பிடிக்கும். மூன்று மில்களை ஒரே பயணத்தில் பார்க்க வேண்டும், சாமான் 60 கிலோ, கூட இரண்டு பேர் என்றால் காரை மிஞ்ச எதுவுமில்லை. ஆளுக்கு எவ்வளவு என்று பார்த்தாலும் மலிவு. தனி ஆளுக்கு அப்படி இல்லை. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் காரில் 500 கிலோமீட்டருக்கு 33 லிட்டர், நூறு ரூபாய் என்று போட்டாலே ஒரு வழிக்கு 3,300. ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கி பள்ளிகொண்டா, வாணியம்பாடி, கிருஷ்ணகிரி, தொப்பூர், ஓமலூர், வைகுந்தம், விஜயமங்கலம் என்று ஃபாஸ்டாக்கில் போய்க்கொண்டே இருக்கும் சுங்கம் தனி.

போகும்போது கார் எடுப்பதில் எனக்குப் பயமில்லை. அதிகாலை நான்குக்குக் கிளம்பினால் வெயிலுக்கு முன் கிருஷ்ணகிரி. தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் கனரக லாரிகளின் பின்னால் இரண்டாவது, மூன்றாவது கியரில் பொறுமையாக இறங்க வேண்டும். அங்கே பிரேக் பிடிக்காமல் போன லாரிகளால் எத்தனை உயிர் போயிருக்கிறது என்பது அந்த வழியில் போகிற எல்லோருக்கும் தெரியும். தூங்கி எழுந்த ஆள் அதைக் கவனமாகக் கடந்துவிடுவான்.

திரும்புவதுதான் வேறு. மூன்று வருடம் முன்பு, உடுமலைப் பக்கம் இரண்டு நாள் வேலை. கடைசி நாள் சாயங்காலம் ஏழரை வரை இழுத்துவிட்டது. மறுநாள் ஞாயிறு, மகளின் பிறந்தநாள். காலையில் அவள் எழும்போது வீட்டில் இருக்க வேண்டும் என்று ஆசை. கூட ஒரு டிரெயினிப் பையன், இருபத்திரண்டு வயது, கார் ஓட்டத் தெரியாது. எட்டு மணிக்குக் கிளம்பினோம். பெருமாநல்லூர் தாண்டி சாப்பாடு, சேலம், தருமபுரியில் டீ. கிருஷ்ணகிரி வரை நன்றாகத்தான் இருந்தேன், பையன் தூங்கிவிட்டான். ஆம்பூர் தாண்டியதும் ரோடு நேராக, காலியாக இருந்தது. நான் கண்ணை மூடியது எனக்குத் தெரியாது. பின்னால் வந்த லாரி விடாமல் ஹார்ன் அடித்ததில் விழித்தேன். இடதுபக்கச் சக்கரங்கள் ரோட்டோரத்து மண்ணில் ஓடிக்கொண்டிருந்தன, முன்னால் இருபதடியில் ஒரு சிறு பாலத்தின் கைப்பிடிச் சுவர். திருப்பிவிட்டேன். ஓரமாக நிறுத்தியபோது கால் பிரேக்கிலிருந்து எழவில்லை. பையன் பாதித் தூக்கத்தில், "வந்துட்டமா சார்?" என்றான். அவன் அம்மா என் பொறுப்பில்தான் அவனை அனுப்பியிருந்தார்.

பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் வண்டியை நிறுத்தி விடியும்வரை அங்கேயே இருந்தோம். வீட்டுக்குப் போகும்போது ஒன்பதரை. மகள் எனக்காகக் கேக்கை வெட்டாமல் வைத்திருந்தாள். நடந்ததை வீட்டில் சொல்ல எனக்கு ஒரு மாதம் ஆனது.

அன்றிலிருந்து வேலை முடிந்த இரவில் நான் கார் எடுப்பதில்லை. காரில் போயிருந்தால் கட்டாயம் ஒரு இரவு லாட்ஜ். கம்பெனியில் முதலில் அந்தச் செலவைக் கேள்வி கேட்டார்கள். ஆம்பூரில் நடந்ததைச் சொன்னேன். இப்போது எங்கள் டீமில் எல்லோருக்குமே அது விதி. இதை நான் கெஞ்சிக் கேட்டு வாங்கினேன், விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மழைக்காலத்தில் எந்தத் திட்டமும் முழுதாகக் கைகொடுக்காது. 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் அன்று நான் கோவையில் இருந்தேன். சென்னை விமான நிலைய ஓடுபாதையில் தண்ணீர், விமானம் கிடையாது. பேசின் பிரிட்ஜ்-வியாசர்பாடி பாலத்தில் வெள்ளம் ஏறியதால் சென்ட்ரல் வண்டிகளும் ரத்து. பெரம்பூரில் வீட்டு வாசல்வரை தண்ணீர் என்று மனைவி சொன்ன பிறகு போனும் போய்விட்டது. கையில் கார் இருந்திருந்தால் நிச்சயம் கிளம்பியிருப்பேன். இல்லாததால் காத்திருந்தேன். போகி அன்று காலை விமானம் போடுவதையும் விட்டுவிட்டேன், அந்தப் புகைமூட்டத்தில் மணிக்கணக்கில் தாமதமான வருடங்கள் உண்டு.

திரும்புவதற்கு இப்போது என் வழக்கம் இதுதான். வேலை மதியத்துக்குள் முடியும் என்று உறுதி இருந்தால், மூன்று மணி வாக்கில் கோவையிலிருந்து கிளம்பும் பகல் வண்டி, இரவு பத்து பதினொன்றுக்கு வீடு. உறுதி இல்லையென்றால் இரவு வண்டி. ஆறு மணிக்கே வேலை முடிந்து நான்கு மணி நேரம் ஸ்டேஷனில் உட்கார நேர்ந்தாலும் அதைத்தான் போடுவேன். அந்த நான்கு மணி நேரத்தை மிச்சம் பிடிக்க ஆசைப்பட்டுத்தான் அன்று ஆம்பூர் வரை போனேன். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் மட்டும் இரவு விமானம்.

பெரம்பூரில் நிற்கும் வண்டியாகப் பார்த்துத்தான் போடுவேன். சென்ட்ரல் வரை போய்த் திரும்ப வேண்டாம். விடியற்காலையில் இறங்கி, கருவிப் பெட்டியை ஆட்டோவில் ஏற்றி, வழியில் பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு போனால் வீட்டில் இன்னும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மகளை எழுப்புவேன், அவளுக்கு ஏழேகாலுக்கு ஸ்கூல் வேன்.