குறைந்தபட்சக் கூலிப் பாடமும் மாலை வகுப்பும்

கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளில் பொருளியல் படிக்க வருபவர்களில் பலர், என்னைப் போலவே, முதல் இரண்டு ஆண்டுகளை இங்கே முடித்துவிட்டு மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் மூன்றாம் ஆண்டில் சேரும் எண்ணம் உடையவர்கள். மாநிலத்தில் வசிப்பவருக்கு ஒரு யூனிட்டுக்கு (பாடங்களை அளக்கும் அலகு) 46 டாலர் கட்டணம். இந்த இரண்டு ஆண்டுப் படிப்புக்கான இணைநிலைப் பட்டத்துக்குத் தேவையான 60 யூனிட்டுகளுக்கும் சேர்த்து 2,760 டாலர்தான். நுண்ணியல் பொருளியல், பேரியல் பொருளியல், புள்ளியியல், நுண்கணிதம் ஆகியவற்றை இங்கேயே முடித்துவிட வேண்டும். நான் பார்த்தவரை, மாணவர்களைப் பாதியில் வெளியேறச் செய்வது நுண்கணிதமே தவிரப் பொருளியல் அன்று.

கட்டணத்தைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றியது மாலை வகுப்பில் உடன் அமர்ந்தவர்கள்தான். குறைந்தபட்சக் கூலியைப் பற்றிய பாடத்தில், வேலை தேடுவோரின் எண்ணிக்கையும் கிடைக்கும் வேலைகளும் சமமாகும் சமநிலைக் கூலிக்கு மேலே கூலியை நிர்ணயித்தால் வேலை தேடுவோர் கூடுவார்கள், கொடுக்கப்படும் வேலைகள் குறையும் என்று வரைபடம் காட்டும். 2024 ஏப்ரல் முதல் தேதி, நாடு முழுவதும் 60 கிளைகளுக்குக் குறையாத துரித உணவகத் தொடர்களில் கூலி மணிக்கு 20 டாலர் ஆனது. மாநிலத்தின் பொதுவான குறைந்தபட்சக் கூலி அப்போது 16 டாலர். அத்தகைய கடைகளில் பகலெல்லாம் நின்றுவிட்டு வந்த இருவர் எங்கள் வகுப்பிலேயே இருந்தார்கள். வேலையைவிட்டுப் போகிறவர்கள் இப்போது குறைந்துவிட்டார்கள் என்றார் ஒருவர். யாரையும் நீக்கவில்லை, ஆனால் தன் வாராந்திர வேலை நேரத்தைக் குறைத்துவிட்டார்கள் என்றார் மற்றவர். வரைபடத்தில் வேலையின் அளவைக் காட்டும் கிடை அச்சு ஆட்களைக் குறிக்கிறதா, வேலை மணிநேரங்களைக் குறிக்கிறதா என்ற கேள்வி அங்கேதான் எழுந்தது.

ஆசிரியர் விடையாகப் பொருளியலாளர்களான டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் 1994-இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொண்டார். 1992-இல் நியூ ஜெர்சியில் குறைந்தபட்சக் கூலி 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்ந்தபோது, அங்கும் கூலி உயராத பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவின் கிழக்குப் பகுதியிலும் 410 துரித உணவகங்களை அவர்கள் ஒப்பிட்டார்கள்; நியூ ஜெர்சியில் வேலைவாய்ப்பு குறைந்ததற்கான அடையாளம் கிடைக்கவில்லை. கார்டுக்கு 2021-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது; க்ரூகர் 2019-இலேயே காலமாகிவிட்டார். கூலி கொடுக்கும் முதலாளிக்குக் கூலியைத் தானே நிர்ணயிக்கும் அதிகாரம் சந்தையில் ஓரளவு இருந்தால், கூலியை உயர்த்தினாலும் வேலைகள் குறையாமல் இருக்கலாம் என்பதைத் தொடக்கப் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரு சிறு பத்தியில் முடித்துவிடுகின்றன. அது போதாது என்பதே என் கருத்து.

ஆயினும் வேலை நேரம் குறைந்த அந்தத் தோழி விடவில்லை. அந்த ஆய்வில் பகுதிநேரப் பணியாளர் ஒருவர் அரை ஆளாகக் கணக்கிடப்பட்டார் என்பதைக் கேட்டதும், முப்பது மணி நேரம் இருபதாகக் குறைந்தாலும் தான் அதே அரை ஆள்தானே என்று கேட்டார். நியூமார்க், வாஷர் என்ற வேறு இரு பொருளியலாளர்கள் பின்னர் உணவகங்களின் சம்பளப் பதிவேடுகளைத் திரட்டி எதிரான முடிவுக்கு வந்ததையும், அதற்குக் கார்டும் க்ரூகரும் 2000-இல் மறுமொழி எழுதியதையும் ஆசிரியர் குறிப்பிட்டார். இரு தரப்பின் தரவுகளையும் எடைபோடத் தேவையான பொருளாதார அளவையியல் (பொருளியல் தரவுகளைப் புள்ளியியல் முறையில் ஆராயும் துறை) எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகுதான் அதைப் படிக்க முடியும்.