பார்த்து மட்டும் சொல்வது

பல் மருத்துவ முகாமில் அன்று மாலை வெளிமாநில டாக்டர் ஒருவரிடம் நான் சொன்ன ‘முடியாது’ சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன். சட்டப்படியும் சரி, வரிசையில் நின்றவர்களின் நலனுக்கும் சரி. இருந்தும் அந்தச் சில நிமிடங்களை மனம் விடமாட்டேன் என்கிறது. எங்கே உறுத்துகிறது என்று எழுதிப் பார்த்தாலாவது தெரியுமா என்று பார்க்கிறேன்.

இலவசப் பல் மருத்துவ முகாம்களில் என் வேலை காகிதங்களோடுதான். யாருக்கு எந்த மாநிலத்து உரிமம், அது நடப்பில் இருக்கிறதா, யார் கழுத்தில் எந்தப் பெயர் அட்டை தொங்கலாம் என்று பார்ப்பவள் நான். கலிபோர்னியாவில் இந்த வேலைக்கு ஒரு வரலாறு உண்டு. 2009 ஜூலையில் மாநில அரசு, பணத் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி, ஏழைகளுக்கான மெடி-கால் திட்டத்தில் பெரியவர்களுக்கான பல் சிகிச்சையில் பெரும்பகுதியை நிறுத்தியது. அடுத்த மாதமே லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய இங்கிள்வுட்டின் ஃபோரம் அரங்கில் ரிமோட் ஏரியா மெடிக்கல் அமைப்பு எட்டு நாள் முகாம் நடத்தியது. ஆயிரக்கணக்கானவர்கள் வந்தார்கள். வெளிமாநிலப் பல் மருத்துவர்கள் இங்கே ஒரு பல்லைக்கூடத் தொட முடியாது என்பதால் உள்ளூர்த் தன்னார்வலர்களை மட்டுமே நம்ப வேண்டியிருந்தது. அந்த அமைப்பின் சொந்த மாநிலமான டென்னசி 1995-லேயே வெளிமாநில மருத்துவர்களுக்கு வழிவிட்டிருந்தது. இங்கே 2010-ல்தான் ஏபி 2699 சட்டம் வந்தது. நிறுத்திய சிகிச்சைகள் 2014-ல் ஓரளவும் 2018-ல் முழுமையாகவும் திரும்பி வந்தன. வரிசைகள் இன்னும் இருக்கின்றன.

அந்தச் சட்டம் எனக்கு மனப்பாடம். கட்டணம் வாங்கக் கூடாது. முகாம் பத்து நாளைத் தாண்டக் கூடாது. காப்பீடு இல்லாதவர்களுக்கும், இருந்தும் போதாதவர்களுக்கும்தான் சிகிச்சை. வெளிமாநில மருத்துவர் ஒவ்வொருவரும் அந்தந்த முகாமுக்கென்று கலிபோர்னியாவின் பல் மருத்துவ வாரியத்திடம் அனுமதி பெற வேண்டும். வாரியம் இருபது நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். முகாமுக்கு இருபது நாள்கூட இல்லாதபோது விண்ணப்பம் போனால், முகாம் தொடங்கும் முன் பதில் சொல்ல வாரியம் நியாயமான முயற்சி எடுத்தால் போதும்.

நான் ‘முடியாது’ என்று சொன்ன டாக்டரின் விண்ணப்பம் அப்படித் தாமதமாகப் போனதுதான். ஆகவே வாரியத்தின் மேல் எனக்குக் குறை இல்லை. பக்கத்து மாநிலமான நெவாடாவின் லாஸ் வேகஸில் பல ஆண்டுகளாக மருத்துவமனை வைத்திருப்பவர். சென்னையில் பி.டி.எஸ். முடித்து, அமெரிக்கா வந்து, உரிமம் பெறுவதற்காகப் பல் மருத்துவக் கல்லூரியில் மறுபடியும் படித்தவர். சனிக்கிழமை விடிவதற்கு முன்பே வந்து என் மேசைமுன் நின்றார்.

“என்னம்மா, பதில் வந்ததா?”

“இன்னும் இல்லை டாக்டர்.”

அவர் வாதாடவில்லை. “சரி, சும்மா உட்கார வைக்காதீர்கள். வேறு ஏதாவது வேலை கொடுங்கள்” என்றார். கருவிகளைக் கழுவி, உறையிட்டு, நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் ஏற்றும் மேசைக்கு அனுப்பினேன். நாள் முழுவதும் அங்கேயே நின்றார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ எளிதாக இருந்திருக்கும்.

மாலையில் டோக்கன்கள் தீர்ந்த பிறகு ஒருவர் மகளோடு வந்தார். கூரை வேலை செய்பவர். இடது தாடை வீங்கியிருந்தது. பள்ளிச் சிறுமி அப்பாவின் ஸ்பானிய மொழியை எங்களுக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் வந்து தமிழில் கேட்டார்: “அம்மா, நான் கை வைக்கவில்லை. பார்த்து மட்டும் சொல்லட்டுமா?”

“அதுவும் முடியாது டாக்டர்.”

இவ்வளவுதான் நடந்தது. கலிபோர்னியாச் சட்டத்தில் பல் மருத்துவம் என்பதன் விளக்கத்தில் சிகிச்சை மட்டும் இல்லை, நோயைக் கண்டறிந்து சொல்வதும் இருக்கிறது. அவர் வாயைத் திறக்கச் சொல்லி, ‘கடைவாய்ப்பல் வேரில் சீழ்’ என்று சொல்லியிருந்தால் அதுவே தொழில் செய்ததாகிவிடும். உள்ளூர் டாக்டர் ஒருவரின் பெயரில் எழுதிக்கொள்ளலாமே என்று பக்கத்தில் நின்ற தன்னார்வலர் மெதுவாகச் சொன்னார். அதற்கு நான் பதிலே சொல்லவில்லை.

பிரிவுக்குப் பொறுப்பான கலிபோர்னியா டாக்டரைத் தேடிப் போனேன். அவர் ஒரு பல்லைப் பாதி பிடுங்கிய நிலையில் இருந்தார். காத்திருந்தோம். திரும்பிப் பார்த்தபோது, லாஸ் வேகஸ் டாக்டர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வேறு திசையில் பார்த்தபடி நின்றிருந்தார். பார்க்காமலிருக்க முயன்றார் என்பது புரிந்தது. ஆனால் அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டார். அந்த மனிதர் வாசலைத் தாண்டி வந்தபோதே, வீக்கம் தாடைக்குக் கீழே இறங்குகிறதா, விழுங்கச் சிரமப்படுகிறாரா என்று அவர் கண் கணக்கிட்டிருக்கும். அதை யாரால் தடுக்க முடியும்? கண்டதை அவர் வாயால் சொல்வதைத்தான் நான் தடுத்தேன்.

பொறுப்பு டாக்டர் வந்தார். தாடைக்குக் கீழே அழுத்திப் பார்த்தார், காய்ச்சல் உண்டா என்று கேட்டார், விழுங்கச் சொன்னார். நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் உடனே அவசரப் பிரிவுக்குப் போகச் சொல்லிவிட்டு, பல்லைச் சீக்கிரம் எடுத்தாக வேண்டும் என்றார். எங்கே எடுப்பது என்று சிறுமி கேட்டாள். தொலைபேசி எண்கள் அடங்கிய தாள் ஒன்றைக் கொடுத்தோம்.

ஆக, அவரை யாரும் பார்க்காமல் அனுப்பவில்லை. அதைத்தான் எனக்கு நானே அடிக்கடி சொல்லிக்கொள்கிறேன். ஆனால் எங்களிடம் அன்று காலியான நாற்காலி இருந்தது, எக்ஸ்ரே இருந்தது, கருவி இருந்தது. அந்தக் கருவியைக் கழுவி அடுக்கியவரே அந்தப் பல்லைப் பிடுங்கத் தெரிந்தவராகவும் இருந்தார்.

இந்த இடத்தில் இன்னொருவர் நினைவுக்கு வருவார். அதற்கு முந்தைய முகாம் ஒன்றுக்கு வேறு மாநிலத்திலிருந்து விண்ணப்பித்தவர். அவ்வளவு கனிவான கடிதம். உரிமத்தைத் தேடிப் பார்த்தால், மயக்க மருந்து கொடுத்ததில் நேர்ந்த தவறுக்காக அவருடைய மாநில வாரியம் நிபந்தனை விதித்திருந்தது. அவருக்கு அனுமதி வரவில்லை. மேசைமுன் நிற்கும்போது இரண்டு பேரும் ஒரே மாதிரி நல்லவர்களாகத்தான் தெரிவார்கள். முகாம் முடிந்ததும் வெளியூர் மருத்துவர் ஊருக்குப் போய்விடுவார். ஈறு கிழிந்தாலோ நரம்பு மரத்துப்போனாலோ கூரை வேலைக்காரர் யாரிடம் போய்க் கேட்பார்? ஏழைக்குக் கிடைப்பதே பெரிது என்று தகுதியைப் பார்க்காமல் விடுவது எனக்கு ஒப்பவில்லை. காசு கொடுப்பவருக்கு உள்ள காவல் காசு இல்லாதவருக்கும் வேண்டும். இதில் எனக்குத் தடுமாற்றமே இல்லை.

தடுமாற்றம் வேறு இடத்தில். லாஸ் வேகஸிலிருந்து கலிபோர்னியா எல்லை காரில் ஒரு மணி நேரம்கூட இல்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் நாள்தோறும் பல் பிடுங்குகிறவர், இந்தப் பக்கம் ‘இது சீழ்’ என்று சொல்லக் கூடாது. ஒரு மாநிலத்தின் உரிமத்தை வைத்துச் சேர்ந்த மற்ற மாநிலங்களிலும் தொழில் செய்ய வழிவிடும், பல் மருத்துவர்களுக்கான மாநிலங்களுக்கிடையேயான ஒப்பந்தம் ஒன்று, 2024-ல் ஏழு மாநிலங்கள் சேர்ந்ததும் சட்டப்படி அமலுக்கு வந்தது. கலிபோர்னியா அதில் இல்லை. ஒழுங்கு நடவடிக்கைகளை மாநிலங்கள் ஒன்றோடொன்று பகிர்ந்துகொள்ள முடியும் என்றால், நான் மேசையில் செய்யும் சோதனையின் பெரும்பகுதியை ஒரே நாளில் முடிக்கலாம். அப்படி இருந்திருந்தால் அன்று விடியற்காலையிலேயே அவர் கழுத்தில் அட்டை ஏறியிருக்கும். இப்படி எண்ணும்போது என் கண்டிப்பு யாரைக் காத்தது என்ற கேள்வி வருகிறது. உடனே அந்த மற்றவரின் கடிதமும் நினைவுக்கு வருகிறது. இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறேன்.

திங்கட்கிழமை வாரியத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. அனுமதி வழங்கப்பட்டது, அவர் பெயருக்கு. அவருக்கு அனுப்பி வைத்தேன். “மகிழ்ச்சி. அந்த மனிதருக்குப் பல்லை எடுத்தார்களா?” என்று மட்டும் பதில் வந்தது. எனக்குத் தெரியவில்லை. முகாமிலிருந்து போனவர்களைத் தொடர்ந்து விசாரிக்க எங்களிடம் ஆளில்லை. அதைத்தான் எழுதினேன்.

அந்த அனுமதி அந்த முகாமுக்கு மட்டும் உரியது, அதோடு முடிந்தது. அடுத்த முகாமுக்கான படிவத்தை இம்முறை பல மாதம் முன்பே அவருக்கு அனுப்பிவிட்டேன். வருவதாக எழுதியிருக்கிறார். நிரப்பிய படிவம் இன்னும் வந்து சேரவில்லை. இந்த வாரம் தொலைபேசியில் பேச வேண்டும்.